கே.ஆர்.பி. அணையில் வளையம் போட்ட கடற்காகம்: 2-8-7 ஆ, 2-பி-7 ஆ?

#1 மதகடி
கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை நீர்ப்பரப்பில், தண்ணீர் இறங்கி வெளியே தெரியும் சேற்றுத் திட்டில், ஆற்று ஆலாக்களோடு இரண்டு கடற்காகங்கள். இன்று காலை 7:50. இரண்டும் குளிர்கால உடையில்: வெள்ளைத் தலை, காதருகே கறுப்புப் பொட்டு. ஒன்றின் இடது காலில், ஆராய்ச்சியாளர்கள் பறவையை அடையாளம் காணப் போடும் வெள்ளை வளையம், அதில் கறுப்பு எழுத்து. வலது காலில் உலோகம் போல ஒரு மினுக்கம். தூரம் 250 மீட்டர். கேமரா 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார், 600 எம்எம் லென்ஸ். படத்தைப் பெரிதாக்கினால் 2, அடுத்து 8 அல்லது பி (B), கடைசியில் 7. நடுவில் இருப்பது எது? எந்த நாட்டு வளையம்? எங்கே தெரிவிப்பது?

#2 நீர்க்கோடு
சார், எட்டா பியா என்பதற்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. இந்த அளவுக் கடற்காகத்தின் வளையத்தில் எழுத்து 5 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 600 எம்எம் லென்ஸில், 250 மீட்டரில், அது சென்சாரில் விழும் அளவு 0.012 மி.மீ. உங்க சென்சாரில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.004 மி.மீ. ஆக, ஒரு எழுத்துக்கு மூன்றே பிக்சல். மூன்று பிக்சலில் 8-க்கும் பி-க்கும் வித்தியாசம் தெரியாது. 2-ம் 7-ம்கூடத் தெரியாது. கண் பார்க்கவில்லை, மனசு நிரப்பிக்கொண்டது.

ஒரு எழுத்தைச் சந்தேகமில்லாமல் படிக்க 8 முதல் 10 பிக்சலாவது வேண்டும். உங்க கேமராவுக்கு அது 75 முதல் 95 மீட்டர் தூரம். அதனால் ரெண்டில் ஒன்று: தூரத்தைத் தப்பாக எழுதியிருக்கீங்க, இல்லையென்றால் எழுத்தைத் தப்பாகப் படிச்சிருக்கீங்க. நீங்க நின்ற இடத்தையும் திட்டையும் மேப்பில் குறித்து, தூரம் அளக்கும் வசதியில் அளந்து போடுங்க. தண்ணீருக்கு மேலே கண்ணால் தூரம் மதிப்பிட்டால் எல்லாருக்கும் தவறும்.

#3 ஓசூர்பனி
நீர்க்கோடு அண்ணா சொன்ன கணக்கை ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கும் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) போடலாம். 60 மடங்கில் 200 மீட்டர் தூரத்துப் பொருள் 3.3 மீட்டரில் இருப்பது போலத் தெரியும். அங்கே 5 மி.மீ. எழுத்து என்பது கண் டாக்டர் பலகையில் 6/6 வரி அளவு. அதாவது நல்ல பார்வை, அசையாத முக்காலி, தெளிந்த காற்று மூன்றும் சேர்ந்தால் 200 மீட்டர்தான் எல்லை. பெரிய கடற்காகங்களுக்குப் போடும் வளையத்தில் எழுத்தும் பெரிது, அதற்கு இன்னும் தள்ளி நிற்கலாம்.

நிக்கான் பி900 மாதிரி 83 மடங்கு ஜூம் கேமரா 250 மீட்டரில் எழுத்துக்கு 5 பிக்சல் தரும். எண்ணிக்கை கூடுதல்தான். ஆனால் சின்ன லென்ஸ், சின்ன சென்சார் என்பதால் அந்தப் பிக்சல்கள் குழைந்துதான் இருக்கும். பெரிய லென்ஸுக்கு அது மாற்று ஆகாது.

நம்ம ஊரில் பெரிய எதிரி கானல். தண்ணீரும் சேறும் சந்திக்கும் இடத்தில் வெயில் ஏறியதும் காற்று ஆட ஆரம்பிக்கும். ஒன்பது மணிக்கு மேல் எவ்வளவு விலை போட்ட லென்ஸும் ஒன்றுதான். ஓசூர் பக்கம், கெலவரப்பள்ளியில், டிசம்பர் ஜனவரியில் பனிமூட்டம் கலைவதற்கும் கானல் கிளம்புவதற்கும் நடுவில் கிடைப்பது கொஞ்ச நேரம். அதற்குள் முடித்துக்கொள்ளணும்.

கானல் இருந்தே தீரும் என்றால்: ஷட்டர் 1/1600-க்குக் குறையாமல், தொடர் படமாக 60, 80 எடுங்க. காற்று ஆடும்போது நடுநடுவே ஒரு நொடியில் சிறு பங்கு தெளியும். எண்பதில் நாலு தேறும். அந்த நாலை மட்டும் பாருங்க. வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப்பாவது குறைத்து எடுங்க. வெள்ளைப் பறவை, வெள்ளை வளையம். கேமராவின் தானியங்கி அளவு சேற்றின் கருப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வளையம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து எழுத்தை விழுங்கிவிடும். இதுதான் பாதிப் படங்கள் வீணாகும் காரணம்.

#4 மதகடி
மேப்பில் அளந்துவிட்டேன். 110 மீட்டர். 250 என்று எழுதியது தவறு, மன்னிக்கவும். மொத்தம் 64 படம் இருக்கிறது. முதல் பதிவில் போட்டது ஒன்றுதான்.

#5 நீர்க்கோடு
110 என்றால் எழுத்துக்கு 7 பிக்சல். எல்லைக்கோட்டில் இருக்கு. 64-ம் பாருங்க. இப்படிப்பட்ட வளையத்தில் அதே எழுத்துத் தொடரைச் சுற்றிலும் ரெண்டு மூன்று தடவை பொறித்திருப்பார்கள். பறவை காலைத் திருப்பத் திருப்ப ஒவ்வொரு படத்தில் ஒவ்வொரு பகுதி நம்ம பக்கம் வரும். ஒரே படத்தில் மூன்று எழுத்தும் தெளிவாக வரணும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி முக்கியமானது. எழுத்து காலோடு நீளவாக்கில் ஓடுதா? அப்படி என்றால் பாதத்திலிருந்து மேல்நோக்கிப் படித்தீர்களா, மேலிருந்து கீழா? உங்க 2-?-7 ஐத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்க. 7 எல் (L) ஆகிவிடும். 2 திரும்பவும் 2 மாதிரியே இருக்கும். நடுவில் 8 என்றால் அதுவும் 8 தான். ஆக 2-8-7 என்பதும் எல்-8-2 என்பதும் ஒரே உருவம். ரெண்டும் வேறு வேறு பறவை!

தப்பிக்க ரெண்டு வழி. 7-ன் தண்டு சாய்ந்திருக்கும், எல்லின் தண்டு நேராக நிற்கும். அடுத்து, நடுவில் இருப்பது பி என்றால் அதன் நேர்ப்பக்கம் இடப்புறம் வரும்படி படித்தால்தான் சரியான திசை. நேர்ப்பக்கம் வலப்புறம் வந்தால் நீங்க தலைகீழாகப் படிக்கிறீங்க. 8-க்கு ரெண்டு பக்கமும் இடுப்பு உள்வாங்கும், பி-க்கு ஒரு பக்கம்தான். பி-யின் நேர்ப்பக்கம் வரும் இடப்புறத்தை மட்டும் எல்லாப் படத்திலும் தேடுங்க.

#6 பாரூர்க்கரை
இடது கால் என்றது பறவையின் இடதா, பார்ப்பவரின் இடதா? பறவை நம்மைப் பார்த்து நின்றால் அதன் இடது கால் நமக்கு வலப்புறம் இருக்கும். வரும் தகவல்களில் அதிகம் புரளும் இடம் இதுதான். ஒரே நிறம், ஒரே எழுத்து, ஆனால் வேறு காலில் என்று வளையம் போடும் இரண்டு ஆராய்ச்சித் திட்டங்கள் போட்டிருக்க வாய்ப்புண்டு. கால் மாறினால் பறவையே மாறும்.

இன்னொன்று, வளையம் மூட்டுக்கு மேலா கீழா? முழங்கால் என்று நாம் பார்ப்பது உண்மையில் பறவையின் கணுக்கால். பின்னோக்கி மடங்குவது அதனால்தான். பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் 'மடங்கும் மூட்டுக்குக் கீழே' என்று எழுதினால் போதும், யாருக்கும் குழப்பம் வராது.

இனம் என்னவென்று பதிவில் இல்லையே? பழுப்புத்தலையா கருந்தலையா? குளிர்காலத்தில் இரண்டுக்கும் தலை வெள்ளை, காதுப் பொட்டும் பொது. பறக்கும் படம் ஒன்று இருந்தாலும் போதும். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு இறக்கை நுனி அகலமாகக் கறுத்து, வளர்ந்ததில் அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டு இருக்கும். கருந்தலைக்கு இறக்கையின் முன்விளிம்பு நெடுக வெள்ளை ஆப்பு. வளர்ந்த பழுப்புத்தலைக்கு விழி வெளிர் நிறம். இளசுக்குக் கறுப்பு விழிதான், அதனால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

வயதையும் குறியுங்கள். வால் நுனியில் கறுப்புப் பட்டை, இறக்கை மேல் பழுப்புத் திட்டுகள் இருந்தால் முதல் குளிர்காலப் பறவை. இதனால் பயன் என்ன என்றால், நீங்கள் அனுப்பும் எழுத்துக்கு உரிய பறவைக்கு ஐந்தாறு வருடம் முன்பே வளையம் போட்டதாகப் பதிவேட்டில் இருந்து, உங்கள் படத்தில் இருப்பது முதல் வருடக் குஞ்சு என்றால், எழுத்தைப் படித்ததில் பிழை என்று அந்த நொடியே தெரிந்துவிடும். வயது ஓர் இலவசக் காவல்காரன்.

#7 தூண்டில்
அணைக்கடியில் மீன் வறுக்கும் கடைகளில் குடல் கழிவு வாளி வாளியாகக் கிடைக்கும். கரையில் கொட்டினால் கடற்காகம் தானா பக்கத்தில் வரும், 20 மீட்டரில் படம் எடுக்கலாம். வெளிநாட்டில் ரொட்டி போட்டுத்தானே வளையம் படிக்கிறாங்க?

#8 ஓசூர்பனி
அங்கே பூங்காக் குளத்தில் மனுசங்களோடு பழகின கடற்காகம். இங்கே குடலைக் கொட்டினால் முதலில் வருவது நாய், அடுத்து கரும்பருந்து. பருந்து இறங்கினதும் திட்டில் இருக்கும் மொத்தக் கூட்டமும் கிளம்பிடும், நடுத்தண்ணீரில் போய் உட்கார்ந்துக்கும். மிதக்கும் பறவைக்குக் கால் ஏது? அன்றைய நாள் அத்தோடு முடிந்தது. வேண்டாம் தம்பி.

அதைவிட, சூரியன் முதுகுப்பக்கம் வரும் கரையாகப் பார்த்து, விடியும் முன்பே போய் உட்கார்வது பலன் தரும். காலையில் கிழக்குக் கரையில் இருந்து மேற்கே பார்க்கணும். உட்கார்ந்த பிறகு எழுந்து நடக்காதீங்க. வண்டிக்குள் இருந்தே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

#9 நீர்க்கோடு
நீர்மட்டத்தையும் பார்த்துப் போங்க. நாளிதழில் தினமும் அணை நீர்மட்டம் வருது. கே.ஆர்.பி.க்கு முழு அளவு 52 அடி. வடகிழக்கு மழைக்குப் பிறகு நிறைந்து நிற்கும்போது திட்டே இருக்காது, எல்லாம் மிதக்கும். தண்ணீர் இறங்க இறங்கச் சேறு தெரியும், கால் தெரியும். மார்ச் ஏப்ரலில் கடற்காகம் கிளம்பிடும். ஆக, திட்டு தெரிய ஆரம்பிப்பதற்கும் பறவை கிளம்புவதற்கும் நடுவில் இருப்பதுதான் நம்ம காலம். நெடுங்கல் அணைக்கட்டில் இருந்து வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் பாரூர் ஏரிக்கும் இதே கணக்குதான்.

மிதந்தாலும் படிக்கக்கூடியது கழுத்துப் பட்டை. மங்கோலியாவில் வரித்தலை வாத்துகளுக்குப் போட்ட பட்டைகளைக் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஏரிகளில் படித்திருக்கிறார்கள். வாத்துக் கூட்டம் வந்தால் ஒவ்வொரு கழுத்தையும் பாருங்க.

#10 பரிசல்துறை (பென்னாகரம்)
ஒட்டனூர், நாகமரை பக்கம் மேட்டூர் அணையின் பின்தண்ணீரில் மீன்பிடிக்கிறவங்க வழியா வரும் தகவலையும் வாங்கிக்கணும். அவங்க கண்ணில் படுவது மாதிரி நம்ம கண்ணில் படாது. ஆனால் சலிச்செடுக்கணும்.

காலில் வளையம் என்று வருவதில் பாதிக்கு மேல் பந்தயப் புறா. புறா வளையம் மூட்டில்லாத முழு வளையம், குஞ்சாக இருக்கும்போதே மாட்டுவது. வருசமும் சங்கத்தின் சுருக்கெழுத்தும் எண்ணும் இருக்கும். ஆராய்ச்சிக்குப் போடும் உலோக வளையம் திறந்து மூடினது, சேர்த்த இடத்தில் கோடு தெரியும். அடுத்து, நைலான் வலை நூல். காலில் சுற்றி இறுகி, பாசி பிடித்து, தூரத்தில் பச்சை வளையம் மாதிரியே இருக்கும். விளிம்பு ஒழுங்காக இல்லாமல் நூல் முனை தொங்கினால் அது வளையம் இல்லை.

செத்த பறவை கிடைத்தால் வளையத்தைக் கழற்றி வீசிடாதீங்க. எண் முழுசையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுங்க, இடம், தேதி, எப்படிச் செத்தது என்பதைக் குறிங்க. இந்தியாவில் போட்ட வளையத்தில் 'இன்ஃபார்ம் பாம்பே நாட். ஹிஸ்ட். சொசைட்டி' என்று ஆங்கிலத்தில் இருக்கும். 1883-ல் தொடங்கின பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்தான் அது; கோடியக்கரையில் அவங்களுக்கு ஆய்வு மையம் இருக்கு. ரஷ்ய வளையத்தில் 'மாஸ்க்வா' என்று இருக்கும். உயிரோட வலையில் மாட்டினால் எண்ணைப் படம் எடுத்துட்டு உடனே விட்டுடணும். வளையம் படிக்கணும் என்று பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஊருக்குள் உளவுப் பறவை என்று யாராவது கிளப்பிவிட்டால், வளையத்தில் மின்சாதனம் எதுவும் கிடையாது, வெறும் பிளாஸ்டிக் பட்டை என்பதைச் சொல்லிப் புரியவைங்க.

#11 மதகடி
அறுபத்து நாலையும் பார்த்தாயிற்று. மூட்டுக்குக் கீழே, பறவையின் இடது காலில். எழுத்து காலோடு நீளவாக்கில். பாதத்தில் இருந்து மேலே படிக்கணும். 41-ஆவது படத்தில் மேல் எழுத்தின் தண்டு தெளிவாகச் சாய்ந்திருக்கிறது, அதனால் 7, எல் இல்லை. 2-ம் மூன்று படங்களில் உறுதி. நடு எழுத்தின் வலப்பக்கம் இடுப்பு உள்வாங்குவது ஐந்து படத்தில் தெரிகிறது. இடப்பக்கம் எல்லாப் படத்திலும் வளைவுக்குப் பின்னால் மறைந்துபோகிறது. இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டு, விழி வெளிர்: வளர்ந்த பழுப்புத்தலைக் கடற்காகம்.

8 என்றே போட்டுவிடலாமா? பொதுவாக எண்கள்தானே அதிகம் இருக்கும்?

#12 நீர்க்கோடு
கூடாது. '2, 8 அல்லது பி, 7' என்றே அனுப்புங்க. திட்டக்காரர் பதிவேட்டில் பி-யே பயன்படுத்தாமல் இருக்கலாம், அப்போது அவர் 8 என்று முடித்துக்கொள்வார். நீங்க 8 என்று ஊகித்து அனுப்பி, உண்மையில் அது பி என்றால், இந்தப் பறவைக்கு ஒரு பதிவு போச்சு. அது மட்டுமில்லை, வேறெங்கோ இருக்கும் இன்னொரு பறவை கிருஷ்ணகிரிக்கு வந்ததாகவும் ஆகிடும். ஒரு ஊகம் ரெண்டு பறவையின் வரலாற்றைக் கெடுக்கும். பாதி படித்ததைப் பாதி என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

இதே மாதிரி மாறிப்போகும் சோடிகள் இன்னும் உண்டு: 0-ஓ-டி, 5-எஸ், 2-இசட், சி-ஜி, இ-எஃப், யு-வி, தலைகீழானால் 6-9, எம்-டபிள்யு. நல்ல திட்டங்கள் இதில் சிலதை எடுத்தே வைத்திருப்பார்கள். எதை எடுத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நிறத்தையும் நம்பிவிட வேண்டாம். மஞ்சள் வளையம் வெயிலில் வெளுத்து வெண்ணெய் நிறமாகும். வெள்ளை வளையம் சேற்றிலும் பாசியிலும் மஞ்சளாகும். நிழலில் கருநீலம், கரும்பச்சை, கறுப்பு மூன்றும் ஒன்று. 'வெள்ளை, வெளுத்த மஞ்சளாகவும் இருக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்க. வெள்ளையில் கறுப்பு எழுத்துப் போடும் திட்டங்கள் ஏராளம், அதனால் எந்த நாடு என்பதை நிறத்தை வைத்து இங்கே யாரும் சொல்ல வேண்டாம்.

#13 பாரூர்க்கரை
எங்கே அனுப்புவது என்ற கேள்வி நிற்கிறதே. உலோக வளையமும் இருப்பதால் பம்பாய் கழகத்துக்கு ஒன்று. ஐரோப்பியத் திட்டமாக இருந்தால் 'சிஆர்-பேர்டிங்' தளத்தில் இனவாரியாக, நிறவாரியாகத் திட்டங்களின் பட்டியல் இருக்கிறது. பொருந்துவது எது என்று அங்கே தேடலாம். இ-பேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் அன்றைய பட்டியலில் அந்த இனத்தின் குறிப்பில் வளைய விவரம் எழுதிப் படத்தையும் ஏற்றுங்கள். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு, தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று இருந்துவிட வேண்டாம்; வளையம் போட்டவர் அதைத் தேடி வரமாட்டார்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், 7 பிக்சல் 2 ஆகிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், வெட்டாமல். கேமராக் கடிகாரம் சரியா என்றும் பாருங்கள். பேட்டரி மாற்றும்போது தேதி பின்னால் போயிருக்கும், அது தெரியாமல் வருடமே தவறாகப் போன பதிவுகள் உண்டு.

#14 கணக்குப்பிள்ளை
தகவலைத் தொகுத்து வைக்கும் பக்கத்தில் இருந்து சில விஷயங்கள்.

எக்செல் தாளில் வளைய எழுத்துப் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். 3-இ-7 என்று அடித்தால் எக்செல் அதை மூன்று கோடி என்று எண்ணாக்கிவிடும். நடுவில் இ வந்தால் அதற்கு அடுக்குக்குறி. 007 என்று அடித்தால் 7 மட்டும் மிஞ்சும். பிறகு வடிவத்தை மாற்றினாலும் பழைய எழுத்து திரும்ப வராது. தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி, சந்தேகத்துக்குத் தனிப் பத்தி.

இடக்குறி பாகையில் நான்கு தசம இலக்கம் எழுதுங்கள். அது 11 மீட்டர் வரை துல்லியம். இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பிசகும். போன் காட்டுவது நீங்கள் நின்ற இடம். பறவை நின்றது 110 மீட்டர் தள்ளி. எது எழுதியிருக்கிறது என்று குறியுங்கள்.

எல்லாரும் விட்டுவிடும் எண் ஒன்று உண்டு: எத்தனை கால் பார்த்தீர்கள்? கூட்டத்தில் 31 ஆலா இருந்து 19-ன் கால்தான் தெரிந்தது என்றால் அந்த 19 வேண்டும். வளையம் இருந்த ஒன்றை மட்டும் எழுதினால், எத்தனையில் ஒன்று என்பது என்றைக்கும் தெரியாது.

நாளைக்கும் அதே பறவை நின்றால் மறுபடி எழுதுங்கள். 'ஏற்கெனவே சொன்னதுதானே' என்று விடுவதால்தான் ஒரு பறவை ஓர் அணையில் எத்தனை நாள் தங்குகிறது என்ற கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. முதலில் பார்த்த நாள் வந்த நாள் அல்ல; கடைசியில் பார்த்த நாள் போன நாளும் அல்ல. இரண்டுக்கும் இடைப்பட்டது குறைந்தபட்சத் தங்கல், அவ்வளவுதான்.

#15 தூண்டில்
அப்போ அது லடாக்கில் இருந்து வந்ததா இல்லையா? மேப்பில் ஒரு கோடு போட்டால் தெரிஞ்சிடுமே.

#16 கணக்குப்பிள்ளை
பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக்கின் சோ கார், சோ மோரிரி ஏரிகளில் கூடு கட்டுவது உண்மை. திபெத் உயர்நிலத்திலும் கட்டுகிறது. சோ காருக்கும் கிருஷ்ணகிரிக்கும் தீர்க்கரேகை கிட்டத்தட்ட ஒன்றே, 78 பாகைக்கு அருகே. வடக்கே நேராக 2,300 கி.மீ. கோடு போட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு புள்ளியைச் சேர்க்கும் கோடு பறவை பறந்த வழி இல்லை. வங்கக் கடற்கரையோரமாக வந்து, கோடியக்கரையில் தங்கி, அங்கிருந்து 300 கி.மீ. உள்ளே வந்திருக்கலாம். நடுவில் யாரும் பார்க்காததால் அந்த வளைவு மேப்பில் இருக்காது.

இன்னொரு பொறியும் உண்டு. பதிவுகளை மேப்பில் போட்டால் புள்ளிகள் குவியும் இடம் பறவை குவியும் இடமாகத் தோன்றும். பெரும்பாலும் அது ஸ்கோப் வைத்திருப்பவர்கள் குவியும் இடம். நமது கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் பஞ்சப்பள்ளி சின்னாறு, வாணியாறு, நாகாவதி, தொப்பையாறு, பாம்பாறு அணைகளுக்கு யார் எத்தனை காலை போய்ப் பார்த்தார்கள்? போனேன், 2 மணி நேரம் பார்த்தேன், கடற்காகம் இல்லை என்ற பதிவும் வேண்டும். அது இல்லாமல் 'வாணியாற்றுக்கு வருவதில்லை' என்று சொல்ல முடியாது.

#17 மதகடி
அனுப்பியாயிற்று: '2, 8 அல்லது பி, 7, பாதத்தில் இருந்து மேல்நோக்கி, வெள்ளை, வெளுத்த மஞ்சளாகவும் இருக்கலாம், இடது கால், மூட்டுக்குக் கீழே, வலது காலில் உலோகம், எண் தெரியவில்லை, வளர்ந்த பறவை'. கடற்காகம் 2, இரண்டின் காலும் பார்த்தது. ஆற்று ஆலா 14, கால் தெரிந்தது 9, வளையம் இல்லை. வெட்டாத படம் 6 இணைப்பில்.

#18 ஓசூர்பனி
உலோகத்தை விட்டுடாதீங்க சார். நாளைக்கு அது திட்டின் இந்தப் பக்க விளிம்பில் நின்றால், நடு எழுத்தைத் துரத்துவதற்கு முன்னாடி வலது காலுக்கு ஒரு 80 படம். உலோக வளையத்தில் ஒரு படத்துக்கு ரெண்டு மூன்று இலக்கம்தான் தெரியும், பறவை காலைத் திருப்பத் திருப்பக் கிடைப்பதைச் சேர்த்து ஒட்டணும். நாலு இலக்கம் வரிசையாகக் கிடைத்தாலே, அந்த 2-?-7 யாருடையது என்று பெரும்பாலும் முடிவாகிடும்.